குருந்தக்கல்லும் கார் பாலிஷும்

ஆண்டகளூர் கேட் பக்கம் போனால் 'கார் டீட்டெய்லிங்' என்று எழுதிய பலகைகளை இப்போது பார்க்கலாம். நம் காலத்தில் இதைச் சாதாரணமாக 'பாலிஷ் போடுவது' என்போம். ஒரு டப்பா வாக்ஸ், பழைய பனியன் துணி, ஞாயிற்றுக்கிழமைக் காலை, இவ்வளவுதான் தேவை. இப்போது அதே வேலைக்கு இளைஞர்கள் கையில் ஒரு மெஷின் இருக்கிறது. கிரைண்டர் போன்ற உருவம், முன்பக்கம் ஏழு அங்குல வட்டு, வட்டின் மேல் ஆட்டு ரோமத்தாலோ நுரைப்பஞ்சாலோ ஆன ஒரு திண்டு. ரோட்டரி பாலிஷர் என்கிறார்கள். பட்டறைப் பேச்சில் 'பஃபிங் மெஷின்'.

இந்தப் பதிவு அந்த மெஷினையும், அதைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதையும் பற்றியது. ஆனால் அதன் கதை நம் நாமக்கல் மாவட்டத்துக் கல் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எனவே வாசகர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டுகிறேன்.

முதலில் பாலிஷ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பலரும் அது மேலே ஏதோ ஒன்றைப் பூசுவது என்று நினைக்கிறார்கள். வாக்ஸ் பூச்சுதான், ஆனால் பாலிஷ் என்பது சுரண்டுவது. பெயிண்டின் மேல் தோலில் கீறல்கள் இருக்கும்போது வெளிச்சம் பல பக்கமும் சிதறுகிறது, அதனால் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கீறலின் அடி ஆழம் வரை சுற்றியுள்ள பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டால் பரப்பு சமமாகி, வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் பித்தளை அண்டாவைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கியபோதும் உலோகம் கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருந்தது. பாட்டி காலத்துச் செம்பைத் தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்குமே, அந்தக் கணக்குதான்.

சுரண்ட ஒரு கடினமான பொடி வேண்டும். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இயற்கைக் கல், குருந்தம். ஜெர்மானியரான மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் நிறம் பெற்ற தங்கைகள். நகைக்கு உதவாத சாதாரணக் குருந்தத்தை இடித்துப் பொடியாக்கித்தான் நம் நாட்டில் கத்தி தீட்டினார்கள், இரத்தினங்களைப் பட்டை தீட்டினார்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அறிவியல் பாடத்தில் கனிமங்களின் பட்டியலில் 'கொரேந்தோன்' என்று ஒரு பெயர் வரும். வாத்தியார் உச்சரித்தபடி நாங்களும் மூக்கால் சொன்னோம். அது நம் 'குருந்தம்' என்ற சொல்தான் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கொரண்டம், பிரெஞ்சில் கொரேந்தோன், எல்லாம் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிய ஒரே சொல்.

அது கப்பலேறிய கதையும் சுவையானது. 1728-ல் லண்டனில் வெளியான ஜான் உட்வர்டின் கனிமப் பட்டியலிலேயே இந்தப் பெயர் சற்றுச் சிதைந்த வடிவில் காணப்படுகிறது. நெல் விளையும் வயல்களில் கிடைக்கும் கல் என்றும், வயல் எலிகள் வளை தோண்டும்போது மேலே தள்ளும் என்றும், இரும்பைத் தேய்க்கப் பயன்படும் என்றும் அதில் குறிப்பு இருக்கிறது. 1798-ல் சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்தக் கல்லைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அவருக்காக இங்கிருந்த கம்பெனி அதிகாரிகள் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் பரமத்திச் சீமை. 1802-ல் அந்தக் கல்லையும் அது பொதிந்திருந்த வெண்பாறையையும் ஆராய்ந்து எழுதியவர் கோன்த் தெ பூர்னோன், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனில் தஞ்சம் புகுந்த பிரெஞ்சுக்காரர்.

அந்த வெண்பாறை பரமத்தி, திருச்செங்கோடு வட்டாரத்தில் உள்ள சித்தம்பூண்டிப் பாறை. உலகப் புவியியலாளர்கள் அனைவரும் அறிந்த பெயர். அனார்த்தோசைட் என்ற அந்த வகைப் பாறைதான் நிலவின் மேட்டு நிலங்களிலும் இருக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க, இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியிலிருந்துதான் பாறையை எடுத்துச் சென்றது. அந்தச் செய்தியைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அதே பாறையில் பொதிந்திருந்த குருந்தத்தைத்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் தேடி வந்தார்கள்.

இனி சாணைக்கு வருவோம். 'சாணை பிடிக்கிறது' என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருபவரை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் காலால் மிதிக்க, வட்டக்கல் சுழலும், அரிவாள்மணையிலிருந்து தீப்பொறி பறக்கும். பழைய முறையில் சாணைச் சக்கரத்தைக் குருந்தப் பொடியை உருக்கிய அரக்கில் கலந்து வார்த்துச் செய்தார்கள். கடினமான பொடி, அதைப் பிடித்துக்கொள்ள மிருதுவான பசை, சுழற்ற ஒரு விசை. இன்றைய பாலிஷ் மெஷினிலும் இந்த மூன்றுதான். அரக்குக்குப் பதில் நுரைத் திண்டு, காலுக்குப் பதில் மோட்டார். பொடி மட்டும் அதேதான்: இன்றைய காம்பவுண்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அலுமினா. குருந்தமும் வேதியியல்படி அலுமினாவே. பாக்சைட்டிலிருந்து மின் உலையில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி 1890-களின் இறுதியில் வந்தபின், நிலத்தைத் தோண்டிக் குருந்தம் எடுக்கும் தேவை குறைந்துபோயிற்று.

அதே 1890-களில் அமெரிக்கர் அச்சிசன், மின் உலையில் வேறொரு கடினப் பொடியைச் செய்து, அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். கார்பனோடு கொரண்டத்தைச் சேர்த்த பெயர். 1954-ல் முருகப்பா குழுமத்தார் அந்த அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யூனிவர்சலைத் தொடங்கினார்கள். பரமத்தியிலிருந்து போன சொல் திருவொற்றியூருக்கு உப்புக்காகிதத்தின் முதுகில் அச்சாகித் திரும்பி வந்தது.

பொடி இருந்தது, சக்கரம் இருந்தது. வண்டிப் பெயிண்டுக்கும் இவற்றுக்கும் எப்படி உறவு வந்தது? குதிரை வண்டி காலத்தில் வண்டிக்கு அடிப்பது எண்ணெய் வார்னிஷ். 18-ஆம் நூற்றாண்டுப் பாரீசில் மார்த்தேன் சகோதரர்கள் கோச்சு வண்டிகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து மெருகேற்றிப் பெரும் புகழ் பெற்றார்கள். நம் ஊர் ஆசாரிகள் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்துப் போடும் மெருகை 'பிரெஞ்ச் பாலிஷ்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'வெர்னி ஓ தம்போன்', அதாவது துணிப்பந்து வார்னிஷ்.

எண்ணெய் வார்னிஷ் காய நாள்கணக்காகும். ஒரு காருக்குப் பெயிண்ட் வேலை முடிய வாரக்கணக்கில் ஆனது. ஃபோர்டின் மாடல்-டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டும் வந்தது எல்லோரும் அறிந்த கதை. 1923-ல் டூபாண்ட் கம்பெனி 'டூக்கோ' என்ற புதிய பெயிண்டைக் கொண்டுவந்தது. 1924-ஆம் ஆண்டு மாடலாக ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் அதன் நீல நிறத்தில் வந்தது. டூக்கோவின் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ். வெடிமருந்துப் பஞ்சுக்கும், மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துச் சினிமாச் சுருள்களுக்கும் உறவுக்காரப் பொருள். ஸ்பிரே கன்னில் அடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

ஆனால் டூக்கோவுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தவுடன் அது மினுங்காது, மங்கலாக இருக்கும். வாட்டர் பேப்பரால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து, பிறகுதான் பளபளப்பு வரும். இங்கேதான் கார் பாலிஷ் என்பது தனித் தொழிலாயிற்று. அதற்கான துணைப் பொருள்களும் அதே பத்தாண்டில் வரிசையாக வந்தன. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புக்காகிதத்தை 3எம் கம்பெனி 1921-ல் கொண்டுவந்தது. இரண்டு நிறக் கார்களின் கோடு பிசகாமல் இருக்க, அதே கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் மாஸ்கிங் டேப்பைச் செய்தார். கையில் பிடிக்கும் மின்சார டிரில்லுக்குப் பிளாக் அண்ட் டெக்கர் 1917-லேயே காப்புரிமை பெற்றிருந்தது. சுழலும் மோட்டாரைக் கையில் பிடிக்க முடியும் என்றானபின் அதன் முனையில் ரோமத் திண்டை மாட்டுவது பெரிய தூரமில்லை. இன்றைய பாலிஷரின் உடல் அமைப்பு ஆங்கிள் கிரைண்டருடையது; அது ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனி 1954-ல் கொண்டுவந்தது. கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷரைப் பல்சக்கரத்தால் 600-லிருந்து 3000 சுற்றுக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள்.

நம் பகுதியில் ஒரு விசித்திரம் உண்டு. நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் லாரிக்குப் பேர் போனவை. நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டி வெளியே வரும் லாரியைப் பார்க்க ஒரு கல்யாண வீடு போல இருக்கும். அவ்வளவு பெயிண்டர்கள் இருந்த ஊரில் பாலிஷ் தெரிந்தவர்கள் குறைவு. காரணம், லாரிக்கு அடிப்பது சிந்தெட்டிக் எனாமல். அது காயும்போதே மினுங்கும், தேய்க்க வேண்டியதில்லை. கோடு போடவும், எழுத்து எழுதவும், தாமரையும் மயிலும் வரையவும் கைத்திறன் வேண்டும். தேய்க்கும் திறன் வேண்டியிராது. கார் டிங்கரிங் பட்டறைக்காரர்கள் வேறு ஜாதிப் பறவைகள். அவர்கள் பட்டி பார்த்து, டூக்கோ அடித்து, கையாலேயே நாள் முழுக்கத் தேய்ப்பார்கள்.

நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டிரைவர் அதை வேப்ப மரத்தடியில் நிறுத்திக் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பார். துணியில் வெள்ளையாகப் பெயிண்ட் வரும். ஆண்டுதோறும் தேய்த்தும் அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே நிறப் பெயிண்ட் கனமாக அடித்திருந்ததால், மேலே போனாலும் கீழே அதே நிறம்தான். 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடரின் பெரும்பகுதிக் காலம் இப்படிப் பொறுத்துப் போகும் பெயிண்டுடன் கழிந்தது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதற்குப் பின் வந்த கார்களில் மெல்ல மெல்லப் பெயிண்டின் அமைப்பே மாறிவிட்டது. இப்போது நிறம் கீழே ஒரு மெல்லிய அடுக்கு. அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பு முழுவதும் அந்த மேலடுக்கில் இருக்கிறது. தகட்டின் மேல் உள்ள எல்லா அடுக்கையும் சேர்த்தாலே சுமார் 100 முதல் 150 மைக்ரான். நாம் எழுதும் வெள்ளைத் தாளின் கனம் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது அரைத் தாள். அதிலும் மேல்பகுதியில்தான் வெயிலைத் தாங்கும் சக்தி அதிகம். ஒவ்வொரு முறை நன்றாகப் பாலிஷ் போடும்போதும் சில மைக்ரான் போகிறது. கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டால் பாலிஷால் மீட்க முடியாது, மறுபடி பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

ஆக, பெயிண்ட் மெலிந்த காலத்தில்தான் மெஷின் எல்லோர் கைக்கும் வந்திருக்கிறது. இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். பட்டறையின் பெயர் வேண்டாம். இரண்டாவது வாரமே மெஷினைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிடிக்கும் விதம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஒரு காரின் போனட் ஓரத்தில் கிளியர் கோட் எரிந்து, கட்டைவிரல் அகலத்துக்குத் திட்டு விழுந்துவிட்டது. போனட் முழுக்க மறுபடி அடித்த செலவை அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். "தறிக்கே போயிர்றேனுங்க தாத்தா" என்று என்னிடம் வந்து நின்றான். பட்டுத்தறியை விட்டுவிட்டு வேறு வேலை தேடச் சொன்னதே அவன் அம்மாதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய பெயிண்டர் இருக்கிறார். டூக்கோ காலத்து ஆள், இப்போது கண் சரியில்லாமல் வீட்டோடு இருக்கிறார். பையனை அவரிடம் கூட்டிப் போனேன். அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மாருதி போனட்டை வாங்கிவரச் சொன்னார். அதை இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, மாலை நேரங்களில் பாடம் நடந்தது. வேடிக்கை பார்க்கப் போன நானும் இரண்டொரு முறை மெஷினைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்த உடனே அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும், கயிற்றில் பிடித்த காளைக்கன்று மாதிரி.

அவர் சொல்லிக் கொடுத்தவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். முதல் மூன்று நாள் காம்பவுண்டே கிடையாது. தண்ணீர் தெளித்த போனட்டின் மேல் மிகக் குறைந்த வேகத்தில் மெஷினை மிதக்க விடுவது மட்டும். "கண்ணு, அமுக்காத. அதோட எடையே போதும். நீ வழி மட்டும் காட்டு." திண்டு தகட்டின் மேல் ஏறத்தாழப் படுத்தபடி இருக்க வேண்டும், சாய்த்தால் ஓரம் மட்டும் கடிக்கும். ஏழு அங்குல வட்டு நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் அதன் ஓரம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பையன் அசந்துபோனான். பெரியவர் அசையவில்லை. "அதான் கை நிக்கக் கூடாதுங்கறது" என்றார். ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும், சூட்டில் பெயிண்ட் இளகும். அடிக்கடி மெஷினை நிறுத்திப் புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஏற்கெனவே தாமதம்.

பிறகு காம்பவுண்ட். நம் ஊர் நெய்யைச் சோற்றில் விடுவதுபோல் தாராளமாக விடக் கூடாது; நாலைந்து பொட்டு போதும். இரண்டடிக்கு இரண்டடி இடம் எடுத்துக்கொண்டு, 600 சுற்றில் பரப்பி, பின் 1200, 1500 வரை ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாகப் பாதிப் பாதி மேலேறும்படி போக வேண்டும். வெயிலில் வேலை கூடாது. முதலில் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு மண் துகள் மாட்டினால் அதுவே வட்டவட்டமாகக் கோலம் போட்டுவிடும். மின்கம்பியைத் தோளின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட்டில் பக்கிள், கையில் மோதிரம் ஆகாது.

எரிவது எல்லாம் ஓரத்தில்தான். மடிப்பிலும் முனையிலும் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்து படிந்திருக்கும். திண்டின் அழுத்தமும் அந்தச் சின்ன இடத்தில் குவியும். அதனால் முனைகளுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டவைத்தார். டேப் இல்லாத இடத்தில், சுழலும் வட்டு உள்ளிருந்து ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடும்படி பிடிக்க வேண்டும், வெளியிலிருந்து ஓரத்தில் ஏறி மோதும்படி பிடிக்கக் கூடாது. இந்த ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கடைசியில், ரோமத் திண்டு விட்டுச் சென்ற மெல்லிய சுழல் கீறல்களை நுரைத் திண்டால் எடுப்பது. நிழலில் தெரியாத அந்தக் கோடுகள் வெயிலில் வண்டியை நிறுத்தினால் வானவில்போல் தெரியும். மேலே எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைப் பூசி அவற்றை மறைத்துவிடலாம். இரண்டு மழைக்குப் பின் திரும்ப எழும். பெரியவருக்கு அது பிடிக்காது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலில் காட்டு என்பார்.

ஆறு வாரம் கழித்து அந்த போனட்டை அவரே ஆணியால் லேசாகக் கீறி, "இதை எடு" என்றார். பையன் விரல் நகத்தால் கீறலைத் தடவிப் பார்த்தான். நகம் மாட்டியது. "இது ஆழமுங்க. எடுத்தா கிளியர் போயிரும். விட்டுரலாமுங்க" என்றான். பெரியவர் அன்றோடு பாடம் முடிந்தது என்றார். பையன் இப்போது வேறொரு இடத்தில் வேலையில் இருக்கிறான். பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி அங்கே இருக்கிறதாம். வண்டி வந்ததும் முதலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் மெஷினை எடுக்கிறார்கள்.

லாரிப் பெயிண்டருக்கும் டிங்கருக்கும் நம் பகுதியில் பாடப்புத்தகம் இருந்ததில்லை. குருவின் பக்கத்தில் நின்று, வசவு வாங்கி, கண்ணாலும் காதாலும் கற்றார்கள். மெஷினின் சத்தம் மாறுவதைக் கேட்டே திண்டு காய்ந்துவிட்டது என்று அந்தப் பெரியவர் சொல்வார். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வீட்டோடு ஒதுங்கிவிட்டார்கள். மெஷின் மட்டும் கடையில் எளிதாகக் கிடைக்கிறது. நடுவில் உள்ள இடைவெளியில் இந்த வயதுப் பிள்ளைகள் சம்பளத்தை இழக்கிறார்கள்.

வண்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தான். தீபாவளிக்குத் தீபாவளி மெஷின் பாலிஷ் வேண்டாம். நல்ல கழுவலும் வாக்ஸும் போதும். நகத்தில் மாட்டும் கீறலை எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பழைய அம்பாசிடரோ பத்மினியோ இருந்தால், மறைவான மூலையில் துணியால் தேய்த்து நிறம் வருகிறதா என்று பார்த்து, எந்த வகைப் பெயிண்ட் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். வேலை செய்யப் போகும் பையனிடம் எங்கே கற்றாய் என்று கேளுங்கள். அவசரப்படுத்தாமல் வண்டியை ஒரு முழு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.